குப்பம்மாளுக்கு வந்த விதைப்பூண்டு

மலைப்பூண்டு என்ன விலை என்று பார்க்கத்தான் அந்த வலைப்பூவைத் திறந்தேன். திண்டுக்கல்லில் சின்னதாகப் பதிப்பகம் நடத்துகிறவள் நான். இணையத்தில் கதை எழுதுகிறவர்கள் என்றாலே எனக்கு எரிச்சல் வரும். மேலே பூண்டு நிலவரம், மன்னவனூரில் பனி எப்படி, சந்தைக்கு லாரி என்றைக்கு என்று நாலு வரி. அதற்குக் கீழே குப்பம்மாள் என்றொருத்தியின் கதை தொடராக ஓடியது. அன்று வீட்டில் பூண்டும் இல்லை, சமையலும் இல்லை.

அதில் போட்டிருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். எழுதியவள் மகாதேவி. பூண்டு போடும் குடும்பம், இரண்டு பிள்ளைகள். அக்கம்பக்கத்து விவசாயிகளுக்காக நிலவரம் போட ஆரம்பித்தவளுக்கு, அதோடு நிறுத்த மனம் வரவில்லையாம். எப்போதுதான் எழுதுகிறாள் என்று கேட்டேன்.

"களை பறிக்கையில மனசுக்குள்ள எழுதிருவேன்க்கா. அப்புறம் போன்ல அடிக்கிறது சும்மா கைச்சோலி" என்றாள்.

ஓயாமல் பேசுவாள். சுவாரசியமான இடத்தில் "இருங்கக்கா, மாடு கத்துது" என்று போனை வைத்துவிடுவாள். எனக்கு அவளை ரொம்பவே பிடித்துப்போனது.

நாவலாகப் போடுவோம் என்றதும் முடிவைச் சொன்னாள். கூரை ஒழுகி, குப்பம்மாளின் விதைப்பூண்டு மொத்தமும் அழுகிவிடும். நட வழியில்லாமல் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறுவாள். இந்த முடிவுக்காகவே புத்தகம் பேசப்படும் என்று சொல்லி, அட்டையிலும் ஒரு பஸ்ஸை வரையவைத்து அவளுக்கு அனுப்பினேன்.

விதை அழுகும் அத்தியாயத்தை வலைப்பூவில் போட்டாள். சில நாள் கழித்துக் கூப்பிட்டாள். "கடைசி அத்தியாயம் எழுத வரலைக்கா. ஒரு எட்டு வந்து பாருங்க."

"அட்டையே ரெடி. இப்ப வந்து எழுத வரலைங்கிற?" என்று கத்திவிட்டு, கோபம் ஆறாமலே மலை ஏறினேன்.

அவள் வீட்டு அடுப்புக்கு மேலே கம்புகளில் பூண்டு தொங்கியது. விதைப்பூண்டை அங்கே புகையில்தான் போட்டு வைப்பார்கள். ஒரு கம்பு மட்டும் தனியாக இருந்தது. அதில் ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு மாதிரிக் கயிற்றில் கட்டப்பட்டிருந்தது.

"வெத போன வீட்டுக்கு ஆளுக்கொரு கட்டு குடுக்கிறது எங்க பக்கத்து வழக்கம்க்கா. கதையப் படிச்சவங்க பூம்பாறை, கவுஞ்சின்னு பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் கொண்டாந்து, குப்பம்மா வீடு எதுன்னு கேட்டாங்க. கதையில வர்றவன்னு சொன்னேன். ஆண்டிச்சாமின்னு ஒரு பெரியவரு, 'இருக்கட்டும்த்தா, எங்கயாச்சும் இருப்பால்ல, குடுத்துரு'ன்னு வச்சுட்டுப் போயிட்டாரு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வெத வந்துருச்சு. இனி அவ எப்படிக்கா நெலத்த விப்பா? வித்தா, குடுத்தவங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்க?"

கதை வேறு, பூண்டு வேறு என்றேன். சோகமாக முடிந்தால்தான் மனதில் நிற்கும் என்றேன். எதற்கும் மசியவில்லை.

"அப்ப புத்தகம் வேணாம்க்கா" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. தன் பெயர் போட்ட அந்த அட்டையைத் தெருவுக்கே காட்டி வைத்திருந்தவள் அவள்.

கிளம்பி பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். இத்தனை வருடம் புத்தகம் போட்டிருக்கிறேன், நான் போட்ட நாவல்களில் வரும் யாருக்காவது யாராவது ஒரு கைப்பிடி அரிசி கொண்டுவந்ததுண்டா? கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஓவியரைக் கூப்பிட்டு அட்டையிலிருந்து பஸ்ஸை எடுக்கச் சொன்னேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

"உன் இஷ்டம்போல எழுதித் தொலை."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப நடவுக்கு வாங்கக்கா. குப்பம்மாவுக்குன்னு தனிப்பாத்தி விட்டிருக்கேன். அவளால வர முடியாதுல்ல. அவளுக்குப் பதிலா யாராச்சும் நட்டாத்தான் எனக்கு எழுத வரும்."

மண்ணில் கை வைத்தே பழகாதவள் நான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகாதேவி ஒவ்வொரு பல்லாக எடுத்துக் கொடுக்க, குப்பம்மாளின் பூண்டை நட்டுவிட்டு வந்தேன்.