குப்பியில் இருந்த சூடு

இது நடந்தது. நம்பாதவர்களுக்கு ரேணுகா ஒரு வெப்பநிலைப் பதிவைக் காட்டுவாள். நடுராத்திரி இல்லை, சுடுகாடும் இல்லை. திருப்போரூர் தாண்டி ஒரு கல்லூரி ஆய்வகம். புதன்கிழமை, பட்டப்பகல்.

ஜான்சன் கடலோடு போய் முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. மாமல்லபுரத்தில் குளிக்க இறங்கியவன், மூன்றாம் நாள் கடப்பாக்கத்தில் கரை ஒதுங்கினான்.

அவனும் ரேணுகாவும் மூன்று வருடம் ஒரே மேசையில் வேலை செய்தவர்கள். கைப்பேசித் திரைக்குள் இருக்கும் திரவப் படிகம்தான் அவர்கள் ஆராய்ச்சி. அதில் நானோ துகள்களைக் கலந்து, மின்சாரம் பட்டதும் அது திரும்பும் நேரத்தைப் பத்தொன்பது மில்லி வினாடியிலிருந்து நான்குக்குக் கொண்டுவந்திருந்தான் ஜான்சன். அவன் போனபின் யார் செய்தாலும் அந்த நான்கு வரவில்லை. சூடாக்கிக் கலந்து ஆறவிட்டதும் துகள்கள் திரண்டுவிடும். பழையபடி பத்தொன்பது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா அந்த ரிசல்ட்டைக் கட்டுரையிலேர்ந்து எடுத்துடணும்மா. அவன் பேரும் அதோட போயிடும்" என்றார் பேராசிரியர் லக்ஷ்மிநாராயணன்.

அன்று காலைதான் ஜான்சனின் அம்மா ரெஜினா போன் செய்திருந்தாள்.

"கண்ணு, பொஸ்தகத்துல பேரு வரும்னு சொல்லிக்கினே இருந்தான். வந்துச்சாமா?"

"வரும்மா."

பிற்பகல் 2:40. ரேணுகா குப்பியை ஹீட்டரிலிருந்து எடுத்துத் தாங்கியில் வைத்தாள். வெப்பமானியின் மெல்லிய கம்பியை அதன்மேல் ஒட்டினாள். நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும். ஏசி பதினெட்டில் ஓடியது. முப்பத்து நான்கு டிகிரிக்கு மேல் திரவம் தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். கீழே இறங்கினால் கஞ்சித் தண்ணீர்போல வெளுக்கும். அந்தக் குளிரில் அதற்கு மூன்று நிமிடம் போதும்.

2:52. வெளுக்கவில்லை.

3:05. இன்னும் தெளிவு. ஹீட்டரைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. குப்பியைத் தொட்டாள். வெதுவெதுப்பு. கண்ணாடிமேல் ஈரம்… விரல் பதிந்ததுபோல நான்கு கோடு.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஹீட்டரிலிருந்து எடுத்ததும் ஜான்சன் குப்பியை உள்ளங்கையில் பொத்தி, அவ்வப்போது லேசாகச் சுழற்றிக்கொண்டே அரை மணி நேரம் உலாத்துவான்.

"இன்னாடா, முட்டைய அடகாத்துகினு கீறியா?" என்பாள் இவள்.

"ஆமா. பொரிஞ்சா உனக்குத்தான்."

அதை வேடிக்கை என்றே நினைத்திருந்தாள். அவனும் நோட்டில் எழுதவில்லை. திடீரென்று ஆறினால்தான் துகள் திரள்கிறது. கைச்சூட்டில் மெல்ல ஆறினால்…

ட்ரிக்.

குப்பி தாங்கியில் லேசாகச் சுழன்றது. அவன் சுழற்றுவதுபோல.

ட்ரிக்… ட்ரிக்…

"ஜான்சன்?"

3:31. மெல்லிய குழாயில் ஒரு சொட்டு எடுத்தாள். கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே விட்டு அளந்தாள்.

நான்கு.

திரும்பினாள். குப்பி மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது.

"இருடா…"

வெளுத்துவிட்டது.

அதைச் சுற்றி ஒருமுறை விரல்களை மூடியிருக்கலாம். மூடவில்லை. பயம். அந்தப் பயத்துக்காகத்தான் இன்றைக்கும் அழுகிறாள்.

கட்டுரை வந்தது. முதல் பெயர் ஜான்சனுடையது. ரெஜினா அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள்.

ஒரு மாதம் கழித்துதான் ரேணுகா வெப்பநிலைப் பதிவைத் திறந்தாள். 2:44 முதல் 3:31 வரை முப்பத்தாறு புள்ளி எட்டு, உயிருள்ள உடம்பின் சூடு. அசையவே இல்லை. பிறகு இறக்கம். பதினெட்டு டிகிரி அறையில் இருந்த குப்பி பதினெட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. இருபத்தெட்டு புள்ளி மூன்றில் நின்றுவிட்டது. மறுநாள் காலை அவள் கம்பியைப் பிரிக்கும்வரை அங்கேயே.

ஜான்சன் மூழ்கிய நாளில் மாமல்லபுரம் கடல்நீரின் வெப்பநிலை என்ன என்று இணையத்தில் தேடினாள்.

இருபத்தெட்டு புள்ளி மூன்று.