எல்ம்பரிக் கல்லூரியைப் பாடமாக்கியவன்

அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறதாம். அங்கே பிள்ளைகள் சமையலறையில் கோப்பை கழுவினால் படிப்புச் செலவு கழிந்துவிடுமாம். சுவிஸின் ஓல்டன் ஸ்டேஷனில் யாரோ சொன்னதென்று தயாபரனின் நண்பன் இராஜசிங்கம் இந்தக் கதையை லுசேர்ணுக்குக் கொண்டுவந்தான்.

தயாபரன் கோப்பை துடைத்த துவாயைத் தோளில் போட்டான். "அப்ப நான் ரெண்டு வருசப் படிப்பை முடிச்சிட்டன் மச்சான்."

ஊரில் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்து பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டவன் அவன். எண்பத்து நாலில் சுவிஸுக்கு வந்து, ஏரிக்கரை ஹோட்டலொன்றில் கோப்பை கழுவிக்கொண்டு, அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருந்தான்.

நாலு கல்லூரிகளுக்குக் கடிதம் போட்டான். எல்ம்பரி மட்டும் தன் சரித்திரமும் விதிகளும் அடங்கிய தடித்த புத்தகமொன்றை அனுப்பியது. கோப்பைக் கதை முப்பத்தேழாம் பக்கத்தில் உண்மையாகவே இருந்தது. விண்ணப்பித்தான். வியாழன் பிற்பகல் மூன்று மணிக்குத் தொலைபேசியில் கதைத்துவிட்டுத்தான் இடம் தருவதா என்று முடிவெடுப்போம் எனப் பதில் வந்தது.

பரீட்சை என்றால் தயாபரனுக்கு ஒரே வழிதான் தெரியும். புத்தகம் முழுவதையும் வரி விடாமல் பாடமாக்கினான்.

வியாழன் மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்ததும், வேலையாட்கள் தங்கும் மாடியில் தொலைபேசிக்குக் கீழே இராஜசிங்கம் உருளைக்கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அமர்ந்து, கேள்வி கேட்கப் புத்தகத்தை விரித்தான்.

"ஆர் துவங்கினது?"

"ஒரு பாதிரியார். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்து நாலு. குதிரையை வித்துக் கட்டினவர். முதல் வருசம் ஒன்பது பிள்ளையள், ஒரு மாடு."

"மாடும் படிச்சதோ?"

"பால் குடுத்தது. அடுத்ததைக் கேள்."

"மலை நாள்?"

"இலையுதிர் காலத்திலை ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அதிபர் மணி அடிப்பார். வகுப்பு இல்லை. எல்லாரும் அப்பிளோடை மலையேறுவினம்."

"எங்கடை அதிபர் சொல்லாமல் வந்தா பிரம்போடைதான் வருவார்." இராஜசிங்கம் புத்தகத்தை மூடினான். "எல்லாம் சரி. தங்கடை கதை அவைக்குத் தெரியும்தானே? உன்ரை கதையைக் கேட்டா?"

தயாபரன் மூடிய புத்தகத்தைப் பார்த்தான். அப்படியொரு பாடம் இருக்குமென்று அவன் நினைக்கவேயில்லை.

"என்னைப் பற்றிக் கடைசியாய்க் கேட்டது அகதி விசாரணையிலை. வருசம் ஒண்டாச்சு, அவங்களே இன்னும் யோசிக்கிறாங்கள்."

"அதை விடு. அன்னப்பறவை துரத்தி நீ ஏரிக்குள்ளை விழுந்ததைச் சொல்லன்."

"சீ, வெக்கக்கேடு!"

"அங்கை மாடே சரித்திரத்திலை இருக்கு. உன்ரை அன்னம் இருக்கக்கூடாதோ?"

தயாபரன் வாய் திறக்குமுன் சுவரில் தொலைபேசி அடித்தது. மூன்று மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. காய்ந்திருந்த கைகளை அவன் இரண்டு தரம் துடைத்தான்.

"எடடா!"

"பொறு. எங்கையிருந்து துவங்க? குதிரையிலையோ, அன்னத்திலையோ?"

நாலாவது தரமும் மணி அடித்தது.