தேயிலைப் பஞ்சு அடைத்த சீட்டுகள்

என் வீட்டுக்காரர் ஏரோப்ளேன் வாங்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தபோது மாடு இரண்டையும் விற்று முடித்திருந்தார். காலையில் நான் கறந்த மாடுகள் மதியம் கொட்டகையில் இல்லை. எங்கே என்று கேட்டேன். "ஏரோப்ளேனே வருதுங்கறன், நீ மாட்டைக் கேக்கறயே புள்ள" என்றார். கையிலிருந்த சாணிக்கூடையைக் கீழே போட்டுவிட்டு, "கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்றேன். சிரித்தார். அவருக்கு எதைச் சொன்னாலும் உறைக்காது. அவரிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், பிடிக்காததும் அதுதான்.

பச்சை இலைக்கு விலை செத்துப் போயிருந்த வருடங்கள் அவை. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று பலர் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டார்கள். இடுப்பளவில் நிற்க வேண்டிய செடி ஆள் உயரம் வளர்ந்து பூ விட்டது. அவர் வேலை பார்த்த ஃபாக்டரியும் மூடிவிட்டது. அங்கே அவர் டிரையர் பார்த்தார். அரைத்து, நிறம் மாறிப் பழுத்த இலையை அனல் காற்றில் காய வைத்துத் தூளாக இறக்குகிற வேலை. கடைசி மாதங்களில் சம்பளத்துக்குப் பதிலாக மூட்டை கொடுத்து அனுப்பினார்கள். பாதி விலைபோகாத தூள், பாதி அந்தத் தூளைச் சலிக்கும்போது பறக்கிற பழுப்புப் பஞ்சு. மூட்டைகள் வீட்டுக்குள் கால் நீட்டிப் படுத்திருந்தன, நாங்கள் சுவரோரம் ஒண்டிக்கொண்டோம்.

திருப்பூரில் இருந்த என் அண்ணன் பனியன் கம்பெனியில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகுட்டி இல்லை, அங்கே என்ன கட்டிக் காக்கிறீர்கள், வந்துவிடுங்கள் என்றார். நான் மலைக்குக் கீழே, அன்னூர்க்காரி. வெயில் எனக்குப் புதிது இல்லை. இவர் மலையில் பிறந்தவர். கீழே ஒரு கல்யாணத்துக்குப் போனால்கூட உடம்பெல்லாம் வேர்க்குரு வந்து, சாப்பாடு இறங்காமல், எப்போது பஸ் ஏறலாம் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார். "இந்த ஒரு சீசன் பாத்தர்லாம். ஏரோப்ளேன் ஓடலீன்னா நீ சொல்ற எடத்துக்கு வர்றன், ஒரு பேச்சுப் பேச மாட்டன்" என்றார். அந்த ஒப்பந்தத்தோடுதான் எல்லாம் ஆரம்பித்தது.

எங்கள் வீடு பைக்காரா ரோட்டில், கிளென்மார்கன் பிரிவுக்குப் பக்கத்தில் இருந்தது. சீசனில் பைக்காரா ஏரிக்குப் படகு சவாரி போகிற வண்டியெல்லாம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒன்றும் நிற்காது. "டீக்கடைக்கு எவன் நிறுத்துவான்? ஏரோப்ளேனுக்கு நிறுத்துவான். உள்ள உக்காந்து நம்ம டீயைக் குடிக்கட்டும், போட்டோ எடுத்துக்கட்டும்." இதுதான் அவர் கணக்கு. கீழே எங்கேயோ ஏரோப்ளேன் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் ஒன்று மூடிப்போய், இன்ஜின் கழற்றிய சின்ன விமானம் ஒன்று மரத்தடியில் கிடந்திருக்கிறது. அதைத்தான் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இறக்கைகளைக் கழற்றிப் பக்கத்தில் கட்டியிருந்தது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வால் பாறையில் உரசிவிட்டதென்று ஊர் வந்து சேர்ந்தும் புலம்பினார். பறக்கப் போகிற வண்டி மாதிரி.

ஏரோப்ளேன் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மினி பஸ்ஸில் பாதி இருக்கும். முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் நான்கு. கதவைத் திறந்ததும் எலி நாற்றம் மூக்கில் அடித்தது. எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தியிருந்தன. சீட்டுத் தோல் கிழிந்து, ஸ்பாஞ்சு தொட்டால் மாவாக உதிர்ந்தது. கூரைத் துணி தொங்கித் தலையில் பட்டது. மீட்டர்கள் இருந்த இடமெல்லாம் ஓட்டை. "ஆசை இருக்குது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்குது கழுதை மேய்க்க" என்று சொல்லிவிட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நான்தான் முதலில் உள்ளே இறங்கினேன். மாட்டை விற்றாகிவிட்டது, இனிக் கோபித்துக்கொண்டு என்ன ஆகப் போகிறது?

துணைக்குப் பக்கத்துத் தோட்ட லைன் வீடுகளிலிருந்து ஓர் அக்கா வந்தார். சிலோன் தோட்டத்தில் பிறந்து, கப்பலேற்றி அனுப்பப்பட்டு இங்கே வந்தவர். ஊசி பிடித்தால் தையல் கண்ணுக்கே தெரியாது. திருப்பூர்ப் பேச்சை நான் அவரிடம் எடுத்தபோது, கையிலிருந்த துணியை மடியில் வைத்துவிட்டு, "எறங்கிட்டா திரும்ப ஏற ஏலாது புள்ள. எங்களுக்குத் தெரியும்" என்றார். அதைக் கேட்டும் எனக்கு அப்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

பழையதையெல்லாம் பிய்த்து எறிந்தோம். மூடிக் கிடந்த ஃபாக்டரியின் முதலாளி, வேண்டியதை எடுத்துக்கொள் என்று இவரிடம் சொல்லியிருந்தார். அங்கே இருந்த தேயிலைப் பெட்டிகளை உடைத்து, இவர் அந்தப் பலகையை ஏரோப்ளேனின் உட்சுவருக்கு அடித்தார். பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளைக் கூரைக்கு ஒட்டினோம். இலை வாட்டுகிற சாக்குத் துணி தரைக்குப் போயிற்று. மீட்டர் இருந்த ஓட்டைகளில் டிரையரின் சூடு காட்டும் மீட்டரையும், நின்றுபோன கடிகாரத்தையும், இன்னும் எதையெதையோ பொருத்தினார். முன்னால் உட்கார்ந்து பார்த்தால் நிஜ விமானம் போலத்தான் இருந்தது. மாட்டுக் கொட்டகை மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அழகாகத்தான் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை.

நாற்றம் மட்டும் போகவில்லை. பினாயில் ஊற்றினோம். வேப்பிலைப் புகை போட்டோம். எலுமிச்சை அறுத்து வைத்தோம். எலி நாற்றத்தோடு எலுமிச்சை நாற்றமும் சேர்ந்ததுதான் மிச்சம். ஒரு நாள் இவர் வீட்டிலிருந்த பஞ்சு மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்புள்ள, சலிக்கற ரூமுக்குள்ள மல்லிப்பூ வெச்ச பொம்பளைய விடுவாங்களா?"

"விட மாட்டாங்க."

"ஏன்?"

"தூளு வாசத்தை இழுத்துக்கும்."

"அப்பறம் என்ன" என்று மூட்டையின் வாயை அவிழ்த்தார்.

தேயிலையோடு பிழைத்த யாருக்கும் இது தெரியும். ஒரு தடவை வாட்ச்மேன் கருவாட்டுப் பொட்டலத்தை மூட்டை மேல் வைத்துவிட்டார் என்று அந்த அடுக்கையே ஒதுக்கினார்கள். நாற்றத்தை இழுக்கிற பஞ்சு வீடு நிறைய இருக்கிறது, ஸ்பாஞ்சு வாங்க வழியில்லை. சீட்டுக்குள் அதையே அடைத்துவிட்டால் இரண்டு கவலையும் தீரும். ரெக்சின் போடலாமா என்று கேட்டேன். ரெக்சின் போட்டால் பஞ்சுக்கு மூச்சு விட முடியாது என்றார். வெள்ளைக் காடாத் துணியில் உறை தைத்தோம். அக்கா விளிம்பில் சிவப்பு நூல் ஓட்டினார். அடைக்க அடைக்க எங்கள் மூக்கெல்லாம் பழுப்பு.

மழை இல்லாத மாசி மாதம். காலைப் பனி போனதும் வெயில் சுள்ளென்று அடிக்கும். சீக்கிரமே எலி நாற்றம் போய்விட்டது. கதவைத் திறந்தால் டிரையர் வாயில் புதுத் தூள் விழுகிற வாசனை. ஆறு சீட்டும் வெள்ளை வெளேரென்று வரிசையாக இருந்தன. அன்றைக்குத்தான் எனக்கு ஆசை வந்தது. அதுவரை திருப்பூருக்கு மூட்டை கட்ட மனதளவில் தயாராக இருந்தவள், இது ஓடிவிடட்டும் என்று வண்டிகளை இழுக்கிற பைக்காரா இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். ஆசை வராமலே இருந்திருந்தால் பிற்பாடு இவ்வளவு வலித்திருக்காது.

ஒத்திகை பார்க்க அக்காவை முன் சீட்டில் உட்கார வைத்தார். "பெல்ட்டைப் போட்டுக்குங்க, வண்டி கெளம்பப் போவுது. எங்க போலாமுங்கக்கா?"

அக்கா பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "சிலோனுக்கு விடுங்க தம்பி, அட்டன் பக்கம். எங்க லயத்துக்கு மேல ஒரு பெரிய மரம் நிக்கும். அங்கினதான் எங்கம்மாவ பொதைச்சது. ஒருக்கா எறக்கி விட்டா போதும்."

இவர் வாயாலேயே இன்ஜின் சத்தம் போட ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

சீசன் வந்தது. போர்டு எழுதி வைத்தோம். திறப்பதற்கு முந்தின சாயங்காலமே கோடை மழை பிடித்துக்கொண்டது. காலையில் மழை விட்டாலும் மேகம் ரோட்டில் படுத்திருந்தது, எதிரே வருகிற வண்டியின் லைட்டுதான் தெரிந்தது. அந்த மேகத்துக்குள்ளிருந்து ஒரு வேன் வந்து நின்றது. இவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பொள்ளாச்சிப் பக்கத்துக் குடும்பம். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும், பெண்ணைப் பெற்றவர்களும். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டை. ஏறி உட்கார்ந்தார்கள். நான் டீ கொடுத்தேன். இவர் பெல்ட் போடச் சொன்னார், எங்கே போகலாம் என்று கேட்டார். சிங்கப்பூர் என்று அந்தப் பெண் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சாய்ந்து உட்கார்ந்து, நிதானமாகக் குடித்தார்கள்.

மாப்பிள்ளை முதலில் இறங்கினார். அவர் வேட்டியின் பின்பக்கம் முழுக்கப் பழுப்பு.

"ஏனுங்க, இதென்ன இது" என்று மாமியார் மெதுவாகத்தான் கேட்டார். அதற்குள் மற்றவர்களும் இறங்கியிருந்தார்கள். எல்லார் துணியிலும் அதே கறை. "ஏரோப்ளேன்னதும் மாப்பிள்ளை பயந்துட்டாரு போல" என்று வேன் டிரைவர் சொன்னார். மாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பெண் அழுகிற மாதிரி நின்றாள். இவர் மண்டி போட்டு, தோளில் கிடந்த துண்டால் அந்த வேட்டியைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கறை பரவியது. "உடுங்க, போதும்" என்று மாப்பிள்ளை விலகிப் போய் வேனில் ஏறிக்கொண்டார்.

வேன் போனதும் இவர் உள்ளே ஏறிக் கட்டைவிரலால் ஒரு சீட்டை அழுத்தினார். விரலைச் சுற்றி டீத்தண்ணி ஊறி நின்றது. வாசத்தை இழுக்கிற தேயிலை ஈரத்தையும் இழுக்கும். தூள் இறங்கின உடனே காற்றுப் புகாமல் கட்டுவது எதற்காக? இலையிலிருந்து தண்ணீரை ஓட்டுவதே பிழைப்பாக இருந்த மனுசனுக்கு இது தெரியாதா? எனக்குத் தெரியாதா, கொழுந்து கிள்ளியே வயதான அக்காவுக்குத் தெரியாதா? வெயில் அடித்த அந்த மாதங்களில் மூன்று பேரும் சேர்ந்தே மறந்திருந்தோம்.

பஞ்சைப் பிரித்து அண்டாவில் போட்டு வறுத்தோம். திரும்ப அடைத்தோம். அடுத்த மேகத்தில் திரும்ப ஊறியது. சீட்டை எடுத்துவிட்டுப் பலகை போட்டுப் பார்த்தோம். வந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று போனார்கள். பிறகு தென்மேற்கு மழை இறங்கியது. பெட்டிப் பலகையில் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்தது. ஊறின பஞ்சு புளித்துப்போய், எலி நாற்றமே தேவலாம் என்று ஆயிற்று. இவர் மட்டும் தினமும் காலையில் போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வருவார். காற்று பட்டால் காயும் என்பார். காற்றே ஈரமாக இருந்தது.

சொன்ன சொல் தவறவில்லை. ஒரு பேச்சும் பேசாமல் என் பின்னால் பஸ் ஏறினார். அக்கா வழியனுப்ப வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து நின்றார். ஏரோப்ளேனில் ஆடு கட்டிக்கொள்ளுங்கள் என்று இவர்தான் சொன்னார். புளிக்காமல் தப்பியிருந்த ஒரே ஒரு சீட்டை மட்டும் நான் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அக்கா ஓட்டின சிவப்பு நூல் அழுத்தமாக இருந்தது, விட்டுவிட்டுப் போக மனசில்லை.

திருப்பூரில் கூரைக்குத் தகர ஷீட் போட்ட அறை. இவருக்குத் துணிப் பொதி கட்டுகிற வேலை. வேர்க்குரு வந்தது, அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரை சுடுகிறதே என்று பரணிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துப் போட்டு, அதன் மேல் உட்காரச் சொல்லி அவருக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டு எழுந்தார். இடது கை தானாக வேட்டியின் பின்பக்கம் போயிற்று. தடவி, உள்ளங்கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார். ஒன்றும் இல்லை.

குனிந்து சீட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். மொறுமொறுவென்று சத்தம் வந்தது. அறை முழுக்கப் புதுத் தூள் வாசனை.

"நல்லாக் காஞ்சிருக்குது புள்ள" என்றார். டிரையர் வாயில் நின்று தூளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிற அதே குரல். பிறகு கை கழுவாமலே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். அவருக்கு உறைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.