முகைதீன் பிச்சை வாங்கிய பொட்டு

காரைக்காலில் பழைய கேமராவுக்கு வைத்தியம் பார்க்க முகைதீன் பிச்சையை விட்டால் ஆளில்லை. நோயாளிகளும் அதிகமில்லை. ஐந்து வேளைத் தொழுகைக்கு நடுவில் இதுவே போதும் என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொள்வார்.

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வின்சான், தகப்பனாரின் கேமராவைக் கொண்டுவந்தார். கண்ணாடி வழியே பார்த்தால் நடுவில் சின்னதாக ஒரு மஞ்சள் கட்டம் தெரியவேண்டும். அதற்குள் ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருகி ஒன்றாக்கினால் படம் தெளிவாக விழும். இந்தக் கேமராவில் கட்டமே மங்கிப்போயிருந்தது.

"பாரீசுல காட்டினேன் பாய். தூக்கிப் போடுன்னுட்டான்."

"அவங்ககிட்ட நம்ம மருந்து இருக்காது முசியே."

மருந்து, ஸ்டிக்கர் பொட்டு. அந்தப் பார்க்கும் கண்ணாடியின் முன்பக்க நடுவில் கடுகளவு கறுப்பு ஒட்டினால், நேரே வரும் வெளிச்சம் அங்கே குறைந்து கட்டம் பளிச்சென்று எடுபடும். டேப் துண்டு கடற்காற்றுக்கு உரிந்துவிடும். பொட்டோ வேர்வையிலேயே குடியிருக்கப் பிறந்தது.

சிவப்ரியாவின் ஃபேன்சி ஸ்டோரில், அந்நியப் பெண்களைப் பார்க்கக்கூடாதென்று தலையைக் குனிந்தபடி, "கறுப்பு, ஆகச் சின்னது" என்று மெதுவாகக் கேட்டார். தாடி வைத்த மனிதர் தலைகுனிந்து பொட்டு வாங்கினால் தெரு சும்மா இருக்குமா? தெருவுக்கும் இறையச்சம் உண்டு. அடுத்தவருக்காக அஞ்சுவதில் அதற்கு இணையில்லை.

மறுநாள் லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட வந்தார். சோறு ஆக்கவில்லை. துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து எடுத்த பொட்டு அட்டையோடு மனைவி கமர் நிஷா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு சுல்தான் பீவி, ஆறுதல் சொல்ல முன்கூட்டியே வந்திருந்தாள்.

"பன்னெண்டுல ரெண்டு இல்ல மச்சான். யாரு நெத்தியில இருக்கு?"

"கேமராவுல புள்ள. ஒண்ணு கோணலா ஒட்டிட்டேன்."

"கேமராவுக்குப் பொட்டாமே!" சுல்தான் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பூ வைக்கலையா?"

கமர் நிஷா இப்படி அழுது அவர் பார்த்ததில்லை. ஒரு பொட்டுக்காக அல்லாஹ்வின் மேல் ஆணையிடலாமா? தன் கடைக்கு ஓடிப்போய்க் கேமராவை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "சுல்தான் பீவி ரெண்டா தெரியுது."

"வளையத்தத் திருகு."

திருகினாள். ஒன்றானது. "பொட்ட எடுங்க, பாப்போம்."

நகத்தால் உரித்தார்.

"கட்டத்தையே காணோமே!" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அட்டையிலிருந்து இன்னொரு பொட்டை அவளே பிய்த்துக் கொடுத்தாள். சுல்தான் பீவிக்கு வீட்டில் அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்துவிட்டது.

"இனிமே நீங்க அங்க போவாதீங்க மச்சான். நானே வாங்கியாறேன்."

மறுநாள் புர்கா போட்டுக்கொண்டு போய் மூன்று அட்டை வாங்கிவந்தாள். மாலை அஸர் தொழுகைக்குள் தெரு தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டது: பிச்சை பாய் தங்கமான மனுஷர், பாவம், பெண்டாட்டிதான் சரியில்லை.