கண் பட்ட எருமை

கணவன் இறந்தபின் இன்ஸாஃபைக் காப்பாற்றியது ஓர் எருமைதான். அதன் பாலும் வெண்ணெயும் எகிப்தின் மன்ஸூரா நகரச் சந்தைக்குப் போகும். அதில் வீடு நடந்தது. கூடமாட உதவ ஓரகத்தி வகீதா தினமும் வருவாள். ஓயாத வாய், வெள்ளை மனசு.

ஒருநாள் வகீதா, "அடேயப்பா, மடியைப் பாருக்கா, குடமாட்டம் இருக்கு!" என்றாள். கண் படாமலிருக்கச் சொல்லும் 'மாஷா அல்லாஹ்'வை மறந்துவிட்டாள். மறுநாள் எருமை தீனியைக் குறைத்தது. வெறும் அசீரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இன்ஸாஃப் கண் கழிக்கக் காகிதத்தில் பொம்மை வெட்டித் தொழுவத்திலேயே உட்கார்ந்து, "இது அவ கண்ணுக்கு, இது இவ கண்ணுக்கு" என்று ஊசியால் குத்தினாள். வகீதா பெயர் வந்தபோது ஓங்கிக் குத்தினாள். பொம்மையை எரித்தாள். ஊசி வைக்கோலில் எங்கோ விழுந்தது. பாவி, அதைத் தேடவில்லை.

"இனி என் வாசப்படி மிதிக்காதே. ஒன் கண்ணுல கொள்ளி இருக்கு" என்று வகீதாவைத் துரத்தவும் செய்தாள்.

எருமை தேறியது போலிருந்தது. சில வாரங்களில் முதுகைக் கூனி, முன்னங்கால்களை அகட்டி நின்றது. படுக்கவே அஞ்சியது. தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கியது. மாட்டு டாக்டர் வருமுன் சாய்ந்துவிட்டது.

அவர் அறுத்துப் பார்த்தார். இதயத்தைச் சுற்றி நாறும் சீழ், நடுவில் தையல் ஊசி.

"எருமை மென்னு பார்த்தா தின்னும்? கெடச்சதை அப்படியே முழுங்கும். வயித்தைத் துளைச்சு நெஞ்சுக்குப் போயிருக்கு. தீனில ஊசி எப்படிம்மா வந்துச்சு?"

பிள்ளையாய் வளர்த்ததை இன்ஸாஃப் தன் கையாலேயே கொன்றிருக்கிறாள். நேரே வகீதா வீட்டுக்கு ஓடினாள்.

அங்கே வகீதாவின் மகள் பிரசவித்திருந்தாள். வகீதா முக்காட்டைக் கண்வரை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க பெரியம்மா," என்றாள் மகள் அழுகையோடு. "அம்மா என் புள்ள முகத்தை இன்னும் பாக்கவே இல்ல. தன் கண்ணு பட்டா செத்துடுவானாம்."

இன்ஸாஃப் வகீதாவின் காலடியில் விழுந்தாள். "எருமை செத்தது ஒன் கண்ணால இல்லடி, என் ஊசியால! டாக்டர் அதை நெஞ்சுலேருந்து எடுத்தாரு. நான்தான் கொன்னேன். பேரனைப் பாருடி."

வகீதா அவள் தலையைத் தடவினாள். "நீ நல்லவக்கா. என் மனசு ஆறணும்னு பழியை ஒன் மேல போட்டுக்கறே."

பிள்ளை அழுதது. வகீதா இன்னும் நன்றாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.