என்ன குடி என்று கேட்டான்

சுனாமிக்கு அடுத்த வருஷம். பேப்பரில் மட்டும் யுத்தநிறுத்தம் இருந்த காலம். கல்குடாவில் வீடு கடலோடு போய்விட, சித்தாண்டியில் சொந்தக்காரர் வளவில் தகரக் கொட்டில் போட்டு இருந்தோம். வாவிக்கு அந்தப் பக்கம், இயக்கத்தின் கையிலிருந்த படுவான்கரையில் கூலிக்கு நெல் வேளாண்மை வெட்டப் போன என் தம்பியை, தோணித்துறையில் காவல் நின்ற இயக்கப் பொடியன்மார் மறித்து வைத்துவிட்டார்கள். சட்டைப்பையில் செல்போன் இருந்ததாம். இயக்கம் இரண்டாக உடைந்திருந்த நேரம். போன் வைத்திருந்தால் மற்றப் பக்கத்து ஆள் என்பார்கள். அப்படி மறிபட்ட சிலர் திரும்பி வரவே இல்லை.

விடிந்ததும் தோணி ஏறி, நேரே அந்தப் பகுதி இயக்கப் பொறுப்பாளரிடம் போனேன். கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார். "ஆரையும் பிடிக்கக் கூடாதெண்டு கட்டளை அக்கா. இது எங்களுக்குத் தெரியாம நடந்திரிக்கு" என்றார். என் முன்னாலேயே வோக்கி டோக்கியை எடுத்து, தம்பியை விடச் சொன்னார். மறுபக்கத்திலிருந்து இரைச்சல்தான் வந்தது. சொல்லியாச்சு, போங்க என்றார். எனக்கென்றால் அந்தத் தேத்தண்ணியில் சீனி கூடியிருந்ததுகூடச் சந்தேகமாக இருந்தது.

துறைக்கு வந்தால், காவலுக்கு நின்றவனுக்கு ஒன்றுமே தெரியாது. "எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல. இது செத்துக் கனநாள்" என்று மேசையில் கிடந்த வோக்கியைக் காட்டினான். பொறுப்பாளர் அது தெரியாமல் பேசினாரா, தெரிந்துகொண்டே எனக்காகப் பேசிக்காட்டினாரா? தெரியாதென்றால் அவருக்குப் பொடியன்மார் மேல் பிடி இல்லை. தெரியுமென்றால் அவரை எதற்கும் நம்ப முடியாது. இரண்டில் எது மோசம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன் கிட்ட வந்து, "நீங்க என்ன குடி?" என்று கேட்டான்.

எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வருவது. ஒரே குடியென்றால், முன்பின் தெரியாதவர்களும் சகோதரம். கலியாணம் பேசும்போதும் கோயில் காரியத்திலும் கேட்கிற கேள்வி அது. துவக்கோடு நிற்பவன் ஏன் கேட்கிறான்? இதிலும் ஏதும் சூழ்ச்சி இருக்குமோ என்று பயந்து பயந்துதான் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது.

"நானும் அதான். அப்ப நீங்க எனக்கு அக்கா" என்றவன், உள்ளே போய்த் தம்பியைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தான். "ஆரும் வரமுதல் போங்க."

தம்பியோடு மறிபட்ட இன்னொருவனின் தாயும் அங்கே நின்றிருந்தார். நாங்கள் தோணி ஏறும்போது அவர் முன்னால் வந்து, யாரும் கேட்காமலே தன் குடிப்பெயரைச் சொன்னார். அது வேறு குடி. காவல் நின்ற பொடியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, "மனே" என்று பெற்ற மகனைப்போலக் கூப்பிட்டு, இன்னும் சத்தமாக அதையே சொன்னார். அவர் மகன் வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தலைவர்கள் கைகுலுக்கிச் சமாதானம் என்று அறிவிக்கிற செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும், எனக்கு அந்தத் தாய் இரண்டாவது தடவை குடிப்பெயர் சொன்ன சத்தம்தான் கேட்கிறது.