துவைக்காத கழுகு

இரண்டாம் உலகப் போரில் எகிப்துப் பாலைவனத்துக்குப் போன நம் சிப்பாய்கள் சீருடைக் கையில் தைத்திருந்த துணிச் சின்னங்களைச் சேகரிப்பது, பணி ஓய்வுக்குப் பின் எனக்குப் பிடித்த கிறுக்கு. வங்கி வேலையில் இருந்தவரை கையெழுத்துகளைச் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கினேன். இப்போது சம்பளமில்லாமல் நூலைச் சந்தேகப்படுகிறேன்.

சந்தேகத்துக்கும் ஒரு முறை உண்டு. கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் இந்தக் காலத்து நூல் பளீரென்று ஒளிரும். போர்க்காலத்து நூல் ஒளிராது. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய், கல்லாவில் இருக்கும் அந்த விளக்கை எனக்குத் தருவார். கடையைத் தாண்டி எடுத்துப்போக மட்டும் விடமாட்டார்.

போன மாதம் மணலூர்பேட்டைப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் மனைவியோடு பாய் கடைக்கு என்னைத் தேடி வந்தார். என்னைவிட மூத்தவர். கையில் ஒரு சின்னம்: கறுப்புத் துணியில் சிவப்புக் கழுகு, எகிப்தில் சண்டை போட்ட நம் நான்காவது டிவிஷனின் அடையாளம். அவருடைய அப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். எகிப்துக்குப் போனதாகச் சாகும்வரை சொன்னவர்.

“என் தம்பி நம்பமாட்டேன்றான் சார். ஆவடி கேம்ப தாண்டாத ஆளு, வயசான காலத்துல டைலர் கிட்ட தெச்சி வாங்கினாருன்றான். கிறிஸ்மஸுக்கு வந்த சனம் மொத்தமும் சிரிச்சிது. எங்கப்பா பொய் சொன்னாரா? அத மட்டும் பாத்து சொல்லுங்க.”

பாய் கடை விளக்கை அணைத்தார். ஊதா வெளிச்சத்தில் கழுகின் பின்பக்கத்து வெள்ளைத் துணி டியூப்லைட் மாதிரி எரிந்தது. விளக்கைத் தள்ளி வைத்தேன். பெரியவரே புரிந்துகொண்டு எழுந்தார்.

“சரி சார். நீங்களே வெச்சிக்கோங்க இத.”

சின்னத்தைக் கையில் எடுத்தேன். மடிப்பு கலையாமல், சலவைப் பவுடர் வாசனையோடு இருந்தது.

“இதைத் துவைத்தீர்களா?”

“பின்ன? ஆபீசர் கையில அழுக்காவா குடுப்பாங்க?” என்றார் அந்தம்மா. “பவுடர்ல ஊற வெச்சி, இஸ்திரியும் போட்டேன்.”

பவுடர் பட்டால் எந்தக் காலத்துத் துணியும் இப்படித்தான் ஒளிரும் என்றேன். கணவர் திரும்பினார்.

“உன்ன யாரு துவைக்கச் சொன்னது?”

“ஒண்ணத்தான துவச்சேன்! சட்டையோட இன்னொரு கையில இருந்தது பையில அப்டியே கீது. கிழிஞ்சிப்போச்சேன்னு, அதே மாதிரி டைலர் கிட்ட புதுசு தெச்சிக்க எடுத்தாந்தேன்.”

“டைலர் கிட்டயா!” என்று பாய் தலையில் கை வைத்தார்.

மண் கறையும் கிழிசலுமாக வந்த இரண்டாவது கழுகை விளக்கின் கீழ் வைத்தேன். முன்னும் பின்னும் பார்த்தேன். ஓர் இழைகூட ஒளிரவில்லை. அவ்வளவு அழகான இருட்டை நான் பார்த்ததில்லை.

“இது பழைய நூல். உங்கள் அப்பா எந்த டைலரிடமும் தைத்து வாங்கவில்லை” என்றேன்.

அவர் துணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தம்பிக்கு போன் போடு” என்றார் மனைவியிடம். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே சேகரிப்பாளன் புத்தியும் வந்தது.

“என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னீர்களே?”

“அது பொய்யா இருந்தப்ப சொன்னது சார்” என்று கிழிந்த கழுகைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தம்மாதான் துவைத்ததை என் கையில் திணித்தார். எந்த ஊதா விளக்கில் வைத்தாலும் அது போலி என்றே காட்டும். என் பெட்டியில் முதலிடம் அதற்குத்தான்.